ஊசியைப் பார்த்தோம், உலக்கையைப் பார்க்கவில்லை
பழைய கார்களில் பெட்ரோல் வழிவது குறித்து ஒரு வியாபாரியின் அனுபவம்



காலையில் குடோன் கதவைத் திறந்ததுமே உள்ளே என்ன சரக்கு இருக்கிறது என்பதை வாசனையை வைத்தே சொல்லிவிடுவோம். மிளகாய் மூட்டை ஒரு வாடை, புளி ஒரு வாடை, மண்டை வெல்லம் ஒரு வாடை. இத்தனைக்கும் நடுவே ஒரு நாள் பெட்ரோல் வாடை வந்தால் என்ன செய்வது என்பதே இந்தக் கட்டுரையின் பொருள். அது எங்கிருந்து வருகிறது, ஏன் வருகிறது, எப்படி நிறுத்துவது என்பதை நாம் பட்டுத் தெரிந்துகொண்டபடி எழுதுகிறோம். நாம் மெக்கானிக் அல்ல, மொத்த வியாபாரிதான். ஆனால் ஒரே வண்டியை ஐம்பது வருடமாக வைத்திருப்பவனுக்கு அதன் நாடி கொஞ்சம் பிடிபட்டுவிடும்.

வெள்ளிக்கிழமை சாம்பிராணி

நமது தகப்பனார் 1974-இல் ஓர் அம்பாசடர் காரை வாங்கினார். அதில் 1489 சி.சி. பெட்ரோல் இன்ஜின். திண்டுக்கல் கடைக்கும் காந்திகிராமம் பக்கத்தில் உள்ள நமது குடோனுக்கும் அதுதான் நடை. விருதுநகருக்குப் பருப்பு, மிளகாய் பார்க்கப் போவதும், ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குப் போவதும் அதில்தான். பின் சீட்டைக் கழற்றிவிட்டுச் சரக்கு ஏற்றிய நாட்களும் உண்டு.

1996-இல் தீபாவளி சீசன் நேரம். வண்டியின் பெட்ரோல் பம்ப் பழுதாகிவிட்டது. புதுப் பம்ப் வாங்கி மாட்டினார்கள். மறுநாளே கார்புரேட்டரில் பெட்ரோல் வழிய ஆரம்பித்தது. ஒர்க் ஷாப்பில் பார்த்து, "நீடில் தேய்ந்துவிட்டது" என்று மாற்றிக் கொடுத்தார்கள். இரண்டு நாள் நன்றாக ஓடியது, பிறகு மறுபடி வழிந்தது. மறுபடி நீடில் மாற்றினோம். மூன்றாம் தடவையும் மாற்றினோம். அதன் பிறகு, "கார்புரேட்டரே போய்விட்டது, புதிது போட்டுவிடுங்கள்" என்றார்கள். சீசன் முடியட்டும் என்று தள்ளிப்போட்டோம்.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை சாயங்காலம். விருதுநகரிலிருந்து சூடாக வந்த வண்டியைக் குடோன் முகப்பில், சாக்கு மூட்டைகளை ஒட்டி நிறுத்திவிட்டு வந்தோம். கடைப்பையன் வழக்கம்போல் கரண்டியில் தணல் எடுத்து, சாம்பிராணி போட்டு, ஒவ்வோர் அறையாகக் காட்டிக்கொண்டே குடோன் பக்கம் போனான். வாசற்படியில் உட்கார்ந்திருந்த கணக்குப்பிள்ளை திடீரென்று எழுந்து, "டேய், நில்லுடா அங்கேயே!" என்று போட்ட சத்தம் இன்றும் காதில் இருக்கிறது. அவர் மூக்குக்குத்தான் முதலில் வாடை தெரிந்தது. கார் அடியில் தரை நனைந்திருந்தது. ஒரு டம்ளர் பெட்ரோல் கூட இருக்காது. ஆனால் பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. மேலே போகாமல் தரையோடு தரையாகத் தண்ணீர் போல் பரவும். பத்தடி தள்ளி வைத்த விளக்கைக் கூட அது தேடிப்போய்த் தொட்டுவிடும். பையன் இன்னும் நாலு அடி எடுத்து வைத்திருந்தால், சரக்கு கிடக்கட்டும், அந்தப் பிள்ளையின் பெற்றோருக்கு நாம் என்ன பதில் சொல்லியிருப்போம்?

மறுநாளே வண்டியைச் சின்னாளபட்டி ரோட்டில் இருந்த ஒரு பெரியவரிடம் கொண்டுபோனோம். பழைய மெக்கானிக். அவர் கார்புரேட்டரைத் தொடவே இல்லை. முதலில் பம்பைப் பார்த்தார். "இதற்கும் இன்ஜினுக்கும் நடுவே தடித்த பேக்கிங் ஒன்று இருக்குமே, அது எங்கே?" என்று கேட்டார். புதுப் பம்ப் மாட்டும்போது அதை விட்டுவிட்டு மெல்லிய காகிதப் பேக்கிங்கை வைத்துப் பூட்டியிருந்தார்கள். அவர் சின்ன மீட்டர் ஒன்றை இடையில் வைத்துக் காட்டினார். முள் 5-க்கு மேல் போனது. தடித்த பேக்கிங்கைப் போட்டுப் பூட்டியதும் 3-க்கு உள்ளே வந்து நின்றது. வழிவதும் நின்றது. செலவு சில ரூபாய்தான்.

ஊசி போகிற இடம் பார்க்கிறவன் உலக்கை போகிற இடம் பார்க்கமாட்டான் என்பார்கள். நீடில் என்றாலே ஊசிதானே. ஊசியை மூன்று தடவை பார்த்தோம். உலக்கை பம்பில் இருந்தது.

கார்புரேட்டரின் வாயிற்காவலர்

மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியில் ஒரு பந்து மிதந்து, தண்ணீர் நிறைந்ததும் குழாயை மூடுகிறது அல்லவா? கார்புரேட்டரிலும் அதே ஏற்பாடுதான். அதன் பக்கத்தில் ஒரு சின்னக் கிண்ணம் உண்டு. அதற்குள் ஒரு மிதவை, அதாவது ஃப்ளோட். பெட்ரோல் ஏறினால் மிதவையும் ஏறி, மேலே உள்ள நீடிலை அதன் இருக்கையில் அழுத்தி வரத்தை மூடும். இன்ஜின் குடிக்கக் குடிக்க மிதவை இறங்கும், நீடில் திறக்கும். குடோன் வாசலில் நின்று, இடம் இருந்தால் மூட்டையை உள்ளே விட்டு, நிறைந்தால் கதவைச் சாத்தும் ஆள் போலத்தான் இந்த நீடில்.

நமது வண்டியில் இருப்பது எஸ்.யு. கார்புரேட்டர். இந்த இரண்டு எழுத்துக்குப் பின்னால் நமக்கு உறவான ஒரு கதை இருக்கிறது. லண்டனில் லில்லி அண்ட் ஸ்கின்னர் என்ற செருப்பு வியாபாரக் குடும்பம் இருந்தது. அந்த வீட்டுப் பிள்ளை ஜார்ஜ் ஹெர்பர்ட் ஸ்கின்னர் 1905 வாக்கில் இந்தக் கார்புரேட்டரைக் கண்டுபிடித்தார். காற்றின் அளவுக்குத் தக்கபடி மேலும் கீழும் அசையும் பாகத்தை அவர் முதலில் தோலால்தான் செய்தார், துருத்தி மாதிரி. தோல் பதனிடும் ஊரான திண்டுக்கல்லில் உள்ள நமக்கு இதைக் கேட்டால் சிரிப்பும் வரும், பெருமையும் வரும். பின்னாளில் தோல் போய் உலோகம் வந்தது. 1910-இல் கம்பெனி ஆனது, 1926-இல் மோரிஸ் கார் முதலாளி அதை வாங்கினார். மோரிஸ் ஆக்ஸ்போர்டு வண்டியின் வழியில் வந்ததுதான் நமது அம்பாசடர். கல்கத்தா பக்கம் உத்தர்பாராவில் 2014 வரை தயாரானது. பியட் என்று நாம் சொல்லும் பிரிமியர் பத்மினியில் சோலெக்ஸ் வகை. உருவம் வேறு என்றாலும் மிதவையும் நீடிலும் அதிலும் உண்டு. ஆகவே இங்கே சொல்வது இரண்டுக்கும் பொருந்தும்.

அழுத்தம் என்பது எவ்வளவு?

கார் டயருக்கு 24 முதல் 30 பவுண்டு வரை காற்று வைக்கிறோம். இந்தக் கார்புரேட்டர்களுக்குத் தேவைப்படும் பெட்ரோல் அழுத்தம் அதில் பத்தில் ஒரு பங்குதான். ஒன்றரை முதல் மூன்று பவுண்டு வரை இருந்தால் போதும். நான்கைத் தாண்டினால் நல்ல நீடிலும் தாங்காது.

இந்த அழுத்தம் எங்கிருந்து வருகிறது? பம்புக்குள் ரப்பர் பூசிய துணியில் ஒரு டயாபிரம் உண்டு. இன்ஜின் சுற்றும்போது அதன் கேம் ஒரு கையை அசைத்து டயாபிரத்தைக் கீழே இழுக்கும், அப்போது டேங்கிலிருந்து பெட்ரோல் உறிஞ்சப்படும். அதை மேலே தள்ளுவது ஒரு ஸ்பிரிங். அழுத்தம் தருவது இந்த ஸ்பிரிங்தான். கையை அதிகமாக அசைத்தால் ஸ்பிரிங் அதிகமாக அமுங்கும், அழுத்தமும் ஏறும். தடித்த பேக்கிங்கை விட்டுவிட்டால் பம்ப் இன்ஜினை நெருங்கி, கை கூடுதலாக அசையும். வேறு வண்டியின் பம்பையோ கடினமான ஸ்பிரிங் உள்ள பம்பையோ மாட்டினாலும் இதே கதைதான். அந்தப் பேக்கிங் இன்ஜின் சூடு பம்புக்கு ஏறாமலும் தடுக்கிறது. அதை விடுவது இரட்டை நஷ்டம்.

வரிசையாகப் பாருங்கள்

பெட்ரோல் வழிந்தால் உடனே பணம் செலவழிக்க வேண்டாம். செலவில்லாததை முதலில், செலவுள்ளதைப் பிறகு என்று வரிசையாகப் பார்க்க வேண்டும்.

1. எங்கே வழிகிறது? கிண்ணத்தின் மூடியில் உள்ள ஓவர்ஃப்ளோ குழாயில் வழிந்தால் நீடில் மூடவில்லை என்று பொருள். மூடியின் ஓரத்தில் கசிந்தால் பேக்கிங் அல்லது ஸ்க்ரூ. குழாய் இணைப்பில் என்றால் கிளிப். பம்பின் அடியில் சொட்டினால் டயாபிரம். துணியால் துடைத்து, இன்ஜினைச் சற்று ஓடவிட்டு, எங்கே முதலில் ஈரம் தெரிகிறது என்று பாருங்கள்.

2. கையால் அடித்துப் பாருங்கள். மெக்கானிக்கல் பம்பில் கையால் அடிக்கும் லீவர் இருந்தால், இன்ஜினை நிறுத்திவிட்டு அதை அடியுங்கள். கிண்ணம் நிறைந்து நீடில் மூடியதும் லீவரில் எதிர்ப்பு போய் லேசாகிவிடும். லேசாகாமல் அடிக்க அடிக்கப் பெட்ரோல் வழிந்துகொண்டே இருந்தால் நீடில் பக்கம் கோளாறு. முதலிலிருந்தே லீவரில் பிடிப்பு இல்லை என்றால் இன்ஜினைக் கொஞ்சம் சுற்றிவிட்டு மறுபடி அடியுங்கள். கேம் உயர்ந்த நிலையில் நின்றிருந்தால் லீவர் வேலை செய்யாது.

3. தூசி. பாதிப் பேருக்கு இதுதான். பழைய டேங்கின் துரு ஒரு கடுகளவு வந்து நீடிலுக்கும் இருக்கைக்கும் நடுவே உட்கார்ந்தால் போதும். கிண்ணத்தை ஸ்க்ரூ டிரைவரின் மரப்பிடியால் மெல்லத் தட்டினாலே சில சமயம் சரியாகும். ஆனால் தட்டிச் சரிசெய்ததை வைத்துத் தூரப் பயணம் போகக் கூடாது. மூடியைக் கழற்றிச் சுத்தம் செய்து, பம்பின் சல்லடையையும் பார்த்து, பம்புக்கு முன்னால் ஒரு ஃபில்டர் போடுங்கள்.

4. நீடிலும் இருக்கையும். நீடில் முனையில் நகத்தை ஓட்டினால் வளையம் போல் பள்ளம் தட்டுப்படுகிறதா? அப்படியானால் மாற்ற வேண்டியதுதான். இருக்கையும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டும். படி மாற்றினால் தட்டையும் மாற்றுகிற மாதிரி. சோதிக்க ஒரு வழி: மூடியைத் தலைகீழாகப் பிடித்தால் மிதவையின் கனமே நீடிலை மூடும். பெட்ரோலைத் துடைத்துவிட்டு, வரத்துக் குழாயில் சுத்தமான ரப்பர்க் குழாயை வைத்து மெல்ல ஊதுங்கள். காற்றுப் போகக் கூடாது.

5. மிதவை. பித்தளை மிதவையில் ஓட்டை விழுந்தால் உள்ளே பெட்ரோல் ஏறிக் கனத்துவிடும், மிதக்காது. காதருகே ஆட்டினால் சலசலக்கும். வெந்நீரில் அமுக்கினால் ஓட்டை உள்ள இடத்தில் குமிழி வரும். உள்ளே பெட்ரோலோ ஆவியோ இருக்கும் மிதவையை ஒருபோதும் நெருப்பில் காட்டிப் பற்றவைக்காதீர்கள், வெடிக்கும். ஈயம் அதிகம் வைத்தாலும் கனம் கூடி மட்டம் மாறும். புதிது வாங்குவதே நல்லது.

6. மட்டம். எஸ்.யு.வில் நைலான் மிதவை உள்ள வகையில், மூடியைத் தலைகீழாக வைக்கும்போது மிதவைக்கும் மூடி விளிம்புக்கும் நடுவே 1/8 முதல் 3/16 அங்குலம் வரை இடைவெளி இருக்கும். ஒரு 1/8 அங்குல டிரில் பிட்டை நுழைத்தே அளந்துவிடலாம். பித்தளை மிதவைக்கும் சோலெக்ஸுக்கும் அளவு வேறு, அந்தந்த வண்டிக் கையேட்டைப் பார்த்துத்தான் செய்ய வேண்டும்.

7. அழுத்தம். மேலே உள்ள எல்லாம் சரியாக இருந்தும் வழிகிறது, அல்லது மாற்றிய நீடில் நாலு நாள் கூடத் தாங்கவில்லை என்றால், அழுத்தத்தை அளந்தே ஆக வேண்டும். பம்புக்கும் கார்புரேட்டருக்கும் நடுவே ஒரு டி இணைப்பு வைத்து, 10 பவுண்டு வரை காட்டும் மீட்டரை மாட்டி, ஐடிலிங்கிலும் சற்று வேகத்திலும் பார்க்கச் சொல்லுங்கள். பம்ப் மாற்றிய பிறகு தொடங்கிய கோளாறு என்றால், இந்த ஏழாவதை முதலாவதாகவே பார்க்கலாம். நாம் தவறவிட்டது அதைத்தான்.

இவற்றோடு ஆயில் டிப் ஸ்டிக்கை உருவி முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை வந்தால், வழிந்த பெட்ரோல் இன்ஜினுக்குள் இறங்கியிருக்கிறது, அல்லது பம்பின் டயாபிரம் கிழிந்து ஆயிலில் கலக்கிறது. கடையில் எண்ணெயில் கலப்படம் என்றால் பதறுகிற நாம் இதற்கும் பதற வேண்டும். ஆயில் நீர்த்துப்போனால் பேரிங் போய்விடும். காரணத்தைச் சரிசெய்து ஆயிலையும் மாற்றாமல் வண்டியை எடுக்கக் கூடாது.

வழியாமலே வழிவது போல் தோன்றுவது

கரும்புகை, ப்ளக்கில் கரி, பெட்ரோல் அதிகம் குடிப்பது ஆகியவை எல்லாமே வழிவதால்தான் என்று சொல்ல முடியாது. சோக் கம்பி சிக்கி நின்றாலும், ஏர் ஃபில்டர் அடைத்தாலும் இப்படித்தான் இருக்கும். கொடைக்கானல் ஏறினால் ஏறக்குறைய 7,000 அடி உயரத்தில் காற்று நன்றாகவே மெலிந்துவிடும். காற்றுக் குறைந்தால் பெட்ரோல் அதிகமானதாகத்தான் அர்த்தம். கீழே வத்தலக்குண்டு வந்ததும் தானே சரியாகிவிடும். மலையில் வைத்து ஸ்க்ரூவைத் திருகிவிட்டு வந்தால், சமவெளியில் வண்டி இழுக்காது. சிறுமலை வளைவுகளில் சரிவான இடத்தில் வண்டியை நிறுத்தினால் கிண்ணம் சாய்ந்து கொஞ்சம் சிந்துவதும் உண்டு.

சித்திரை, வைகாசி வெயிலில் வேறொரு தொல்லை. நிறுத்திய வண்டியின் சூட்டில் கிண்ணத்துப் பெட்ரோல் கொதித்து இன்ஜினுக்குள் இறங்கும். பத்து நிமிடம் கழித்து ஸ்டார்ட் செய்தால் பிடிக்காது. அப்போது ஆக்ஸிலேட்டரைத் திரும்பத் திரும்ப மிதிக்காமல், முழுவதும் மிதித்துப் பிடித்தபடி ஸ்டார்ட்டரைப் போட வேண்டும். பானெட்டைத் திறந்து ஆறவிட்டாலும் சரியாகும். ஓடும்போதே பெட்ரோல் ஆவியாகிக் குழாயில் அடைத்து வண்டி நின்றுபோவது வேறு. பம்பில் ஈரத்துணி சுற்றும் பழைய வைத்தியம் அதற்குத்தான், வழிவதற்கு அல்ல.

கடைக்கு வெளியே நிற்கும் டி.வி.எஸ்.

கார் இல்லாதவர்கள் இதைப் படிக்காமல் புரட்டிவிடாதீர்கள். 2020-க்கு முன் வந்த டி.வி.எஸ். எக்ஸ்.எல். வண்டிகள் எல்லாம் கார்புரேட்டர் வண்டிகள்தான். இன்றும் எத்தனையோ மளிகைக் கடைகளுக்கு அரிசி மூட்டை சுமப்பது அவைதான். அவற்றில் பம்ப் இல்லை, டேங்க் மேலே இருப்பதால் பெட்ரோல் தானே இறங்குகிறது. ஓரடி உயரத்துப் பெட்ரோல் தரும் அழுத்தம் மூன்றில் ஒரு பவுண்டு அளவே. ஆகவே அதில் அழுத்தக் கோளாறு வராது. வழிந்தால் தூசி, நீடில், மிதவை இந்த மூன்றில் ஒன்றுதான். ஆனால் ஒரு பெரிய ஆபத்து அதில் உண்டு. கார் நின்றால் பம்பும் நின்றுவிடும். டி.வி.எஸ். நின்றாலும் பெட்ரோல் இறங்கிக்கொண்டே இருக்கும். நீடில் மூடாவிட்டால் இரவோடு இரவாக டேங்கே காலியாகலாம். கடைக்குள் வண்டியை வைத்துப் பூட்டுகிறவர்கள் பெட்ரோல் டேப்பை மூடிவிட்டுத்தான் பூட்ட வேண்டும்.

இன்றைய பெட்ரோல்

முன்பு இல்லாத ஒரு காரணம் இப்போது சேர்ந்திருக்கிறது. 2022-இல் பெட்ரோலில் 10 சதவீதம் எத்தனால் கலப்பது எட்டப்பட்டது. 2023 முதல் 20 சதவீதக் கலப்பு படிப்படியாக வந்து, 2025-இல் நாடெங்கும் பரவிவிட்டது. கரும்பு, தானியம் விளைவிப்பவருக்கு இதனால் வருமானம் உண்டு, அதில் நமக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் எழுபதுகளின் ரப்பர் இந்தப் பெட்ரோலுக்காகச் செய்யப்பட்டது அல்ல. டயாபிரமும் குழாயும் ஊறி உப்பும், அல்லது வெடிக்கும். டேங்கில் படிந்த பழைய அழுக்கு கரைந்து வந்து நீடிலில் உட்காரும். எத்தனால் ஈரத்தை இழுப்பதால், மாதக்கணக்கில் நிற்கும் வண்டியின் டேங்கில் அடியில் தண்ணீர் தங்கித் துரு ஏறும். பழைய வண்டி வைத்திருப்பவர்கள் எத்தனால் தாங்கும் குழாயும், வைட்டான் முனை உள்ள நீடிலும், அதற்கேற்ற டயாபிரமும் கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்வது நல்லது. வாரம் ஒரு தடவையாவது வண்டியை ஓட்டுங்கள்.

குடோனில் கடைப்பிடிக்க வேண்டியவை

அம்பாசடரில் கார்புரேட்டரும் சூடான சைலென்சர் மேனிஃபோல்டும் இன்ஜினின் ஒரே பக்கத்தில் இருக்கின்றன. வழியும் பெட்ரோல் நேராக அதன் மேல் விழக்கூடும். ஆகவே ஓடும்போது பெட்ரோல் வாடை வந்தால் ஓரம் கட்டி, இன்ஜினை நிறுத்தி, எல்லோரையும் இறக்கிவிட்டுப் பிறகு பாருங்கள். வழிந்து கிடக்கும்போது ஸ்டார்ட்டரைப் போடாதீர்கள், லைட் சுவிட்சையும் தொடாதீர்கள். பேட்டரி வயரைக் கழற்ற வேண்டுமானால் ஆவி போகும்வரை காத்திருந்து கழற்றுங்கள். பெட்ரோல் தீயில் தண்ணீர் ஊற்றக் கூடாது, மிதந்து பரவும். ஒரு வாளி மணலும், பவுடர் வகைத் தீயணைப்பானும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். சாக்கு, அட்டைப் பெட்டி, எண்ணெய் டின் உள்ள இடத்தில் வண்டியை நிறுத்தவே வேண்டாம். நாம் 1996-க்குப் பிறகு குடோனுக்குள் வண்டி நிறுத்துவதில்லை. வெள்ளிக்கிழமை சாம்பிராணி மட்டும் நிற்கவில்லை.

முடிவாக

அந்தப் பெரியவர் கூலி வாங்கிக்கொண்டபோது சொன்னது நமது வியாபாரத்துக்கும் பொருந்தும் என்பதால் எழுதுகிறோம். "வாசலில் நிற்கிறவனையே மாற்றிக்கொண்டிருந்தீர்கள் ஐயா, பின்னால் தள்ளுகிறவனைப் பார்க்கவில்லை" என்றார். மாதக் கடைசியில் டார்கெட்டுக்காகக் கம்பெனிக்காரர் திணிக்கும் சரக்கை வாங்கி அடுக்கிவிட்டு, எலி தின்றதற்கும் காலாவதி ஆனதற்கும் குடோன் பையனைத் திட்டுகிறோமே, அது இதுதான். வரத்து அளவோடு இருந்தால் வாசற்காவலரும் ஒழுங்காக இருப்பார்.

நமது அம்பாசடர் இப்போது கல்யாண ஊர்வலத்துக்கும் குலதெய்வம் கோவிலுக்கும் மட்டும் போகிறது. அந்தத் தடித்த பேக்கிங்குக்கு மாற்று ஒன்றை வாங்கிக் கல்லாப் பெட்டியில், பழைய செல்லாக் காசுகளோடு பத்திரமாக வைத்திருக்கிறோம். அன்பர்கள் தங்கள் கடையில் நிற்கும் வண்டியின் அடியை இன்று கடை சாத்தும் முன் ஒரு தடவை குனிந்து பார்த்தால், இதை எழுதியதற்குப் பலன் கிடைத்தது என்று கொள்வோம்.